தூளா, இலையா, மூலிகையா? தேநீர் பழகத் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

கடையின் ஒரே அடுக்கில் டஸ்ட் டீ, இலைத் தேயிலை, கிரீன் டீ, ஆவாரம்பூ டீ, சாமோமில் டீ எல்லாம் வரிசையாக நிற்பதால், இவை ஒரே பொருளின் பல வகைகள் என்று புதிதாக வாங்குபவர் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. உண்மையில் முதல் மூன்றும் கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் கொழுந்திலிருந்து வருபவை. அவற்றைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் பறித்த பிறகு தொழிற்சாலையில் நடக்கும் வேலைதான். ஆவாரம்பூவுக்கும் சாமோமிலுக்கும் அந்தச் செடியோடு எந்த உறவும் இல்லை. ஆகவே தேயிலைக்குள் தூளையும் இலையையும், மூலிகைக்குள் ஊறலையும் கஷாயத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதே பொருத்தம்.

தமிழகத்து டீக்கடைகளில் நாம் குடித்துப் பழகியது சி.டி.சி. தூள்; நசுக்கு, கிழி, சுருட்டு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1930களில் அசாமில் உருவான இயந்திரம் ஒன்று, வாட்டிய இலையைப் பல் பதித்த உருளைகளுக்கிடையே செலுத்தி, நசுக்கி, கிழித்து, சிறு மணிகளாகச் சுருட்டிவிடுகிறது. இலை இப்படிச் சிதைவதால் காற்று பட்டு வேகமாகக் கறுக்கிறது. கொதிநீரில் இட்ட இரண்டொரு நிமிடத்திலேயே சாயம், துவர்ப்பு, கடுப்பு எல்லாம் இறங்கிவிடுகின்றன. பாலின் புரதம் அந்தத் துவர்ப்பைப் பிடித்து மென்மையாக்குவதால், பாலும் சர்க்கரையும் சேரும்போது இது மிகச் சரியான தேநீராகிறது. அதே தூளைப் பாலில்லாமல் குடித்தால் நாக்கு வறண்டுபோகும். அது தூளின் குற்றமன்று. அது பாலுக்காகவே செய்யப்பட்டது.

ஆர்த்தடாக்ஸ் என்று அழைக்கப்படும் இலைத் தேயிலையில் கொழுந்தைக் கிழிக்காமல் உருட்டி முறுக்குகிறார்கள். சாறு மெதுவாக வெளிப்பட்டு, மணம் தரும் பொருட்கள் அதிகம் தங்குகின்றன. கோப்பையில் நிறம் குறைவாகவும் வாசனை மிகுதியாகவும் இருக்கும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறிக்கும் இலைக்குத் தனி மணம் உண்டு. ஐஸ் டீ செய்ய விரும்புவோருக்கு நீலகிரி இலை கூடுதல் வசதி: குளிரும்போது பல தேநீர்கள் கலங்கிப் பால்போல் ஆகிவிட, இது பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம், கொதித்த நீர், மூடி வைத்து மூன்று முதல் நான்கு நிமிடம் என்பது போதுமான அளவு. நல்ல இலையை இரண்டாம் முறையும் ஊற்றலாம். தூளில் அதற்கு இடமே இல்லை. உறையில் உள்ள 'ஆரஞ்சு பீக்கோ' என்ற சொல்லைக் கண்டு ஆரஞ்சுச் சுவையை எதிர்பார்க்க வேண்டாம். அது இலையின் அளவையும் தோற்றத்தையும் குறிக்கும் தரப்பெயர், சுவைக்கு உத்தரவாதமன்று.

தூளையே தொடர விரும்புபவர் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். நனைத்த வடிதாளில் சிறிது தூளைத் தூவிச் சற்று நேரம் கழித்துக் கழுவினால், செயற்கைச் சாயம் கலந்த தூள் தாளில் அழுத்தமான கறையை விட்டுச்செல்லும்.

கிரீன் டீயைத் தொடக்கக்காரருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பறித்தவுடன் ஆவியிலோ வாணலியிலோ சூடுபடுத்தி இலை கறுப்பதைத் தடுத்துவிடுவதால், இதன் சுவை மிக நுட்பமானது. கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றினால் வெறும் கசப்பே மிஞ்சும். நீரை இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, எழுபது எண்பது பாகை அளவில் ஊற்றும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே இது ஏற்றது. உடல் இளைப்பதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பவர்கள் தேநீரை வெறுக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

மூலிகைக்கு வருவோம். மெல்லிய இலையும் பூவும் ஊறலுக்கு உரியவை; வேரும் விதையும் பட்டையும் கஷாயத்துக்கு உரியவை. துளசி, புதினா, எலுமிச்சைப்புல் ஆகியவற்றைக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். மூடி வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவைப்பதே முறை. சுக்கையும் நன்னாரி வேரையும் பொட்டலப் பையில் போட்டு மூன்று நிமிடம் நனைப்பதால் பயன் சொற்பம். அவற்றைத் தட்டிப்போட்டு நீர் சுண்டக் காய்ச்ச வேண்டும். காபிக்கொட்டையே இல்லாத சுக்குமல்லிக் காபியும், யாழ்ப்பாணத்தில் தடிமனுக்கு (சளிக்கு) அவித்துக் குடிக்கும் கொத்தமல்லித் தண்ணீரும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

பெயர்களில் ஏமாறுவது இங்குதான் அதிகம். சாமோமிலைச் 'சாமந்தி' என்று எழுதிவிடுகிறார்கள்; இரண்டும் ஒரே குடும்பத்தவை, ஆனால் வேறு செடிகள். உலகச் சந்தையில் செம்பருத்தித் தேநீர் எனப்படுவது பெரும்பாலும் புளிச்சை இனத்தின் புளிப்பான சிவப்புப் புல்லி இதழ். நம் வீட்டு வேலிச் செம்பருத்தியில் அந்தப் புளிப்பு கிடையாது.

தேயிலையில் எந்த வகையிலும் காஃபின் உண்டு. மேற்சொன்ன மூலிகைகளில் இல்லை என்பதால் இரவுக்கு அவையே மேல். ஆனால் 'இயற்கை' என்ற ஒரே சொல்லை நம்பிவிடக் கூடாது. அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாகக் குடித்தால் இரத்த அழுத்தம் கூடும். இளைக்கவைக்கும் டீக்கள் பலவற்றில் உள்ள நிலவாகை மலமிளக்கி. திருநெல்வேலிப் பெயரோடு உலகச் சந்தைக்குப் போகும் இந்த இலை உடலின் நீரைக் குறைக்குமே தவிரக் கொழுப்பைக் குறைக்காது. தேயிலைக்கும் ஒரு குறை உண்டு: உணவோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பருப்பின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகை உள்ளவர் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது.

ஆகவே முதலில் வாங்க நான் சொல்வது நூறு கிராம் நீலகிரி இலையும், கலவையாக இல்லாத ஒற்றை மூலிகை ஒன்றும். கலவையை முதலிலேயே வாங்கினால் எதன் சுவை எது என்று நாக்குக்குத் தெரியாமலே போகும். இரண்டையும் தனித்தனிக் காற்றுப்புகாத டப்பாக்களில் வைக்க வேண்டும், ஏனெனில் உலர்ந்த தேயிலை அருகிலிருக்கும் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். சீனாவில் மல்லிகைத் தேநீர் செய்வதே இந்த இயல்பைக் கொண்டுதான். மலரும் நேரத்து மல்லிகையோடு இலையை இரவில் கலந்து வைத்துவிடுகிறார்கள். நம் அலமாரியில் அந்த வேலையைச் சாம்பார்ப்பொடி செய்துவிடும்.