ஒன்பது நாள் பின்தங்கிய கடிகாரம்

மூலநிரலை இயங்கும் நிரலாக்கும் பில்டு வேலையைச் சோதிக்க, ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினிகளைக் கையால் அமைப்பதை விட்டுத் தானியங்கி முறைக்கு மாறலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மெய்நிகர் கணினியை ஓட்டும் கேவிஎம், அதை நிர்வகிக்கும் லிப்விர்ட், முதல் பூட்டில் அமைப்புகளைச் செய்துவிடும் கிளவுட்-இனிட் மூன்றையும் கோத்து மூன்று ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்துவருகிறேன். அடிப்படை வட்டுப் படிமத்தைத் தொடாமல், ஒவ்வொரு சோதனைக்கும் அதன்மேல் மாற்றங்களை மட்டும் பதியும் ஒரு மெல்லிய அடுக்கை (க்யூகவ்2 வகை வட்டுக் கோப்பு) வைத்து, முடிந்ததும் அந்த அடுக்கை மட்டும் வீசிவிடும் வசதிக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை.

ஆனால் நேரத்தை மிச்சப்படுத்தும் ஆசையில், கம்பைலர்கள் நிறுவப்பட்ட கணினியை ஓடும் நிலையிலேயே, நினைவகத்தோடு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் முழுப் பதிவு) எடுத்து வைத்தேன். தொல்லை அங்கேதான் தொடங்கியது. மீட்டெடுத்த கணினி, ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலேயே கண்விழிக்கிறது. அதன் கடிகாரம் ஒன்பது நாள் பின்தங்கியிருந்தது. மூலக் கோப்புகள் ஹோஸ்டின் (மெய்நிகர் கணினியைத் தாங்கும் உண்மைக் கணினியின்) பகிர்வுக் கோப்புறையிலிருந்து இன்றைய தேதியோடு வர, அவற்றைக் கம்பைல் செய்து கிடைக்கும் பொருள் கோப்புகளோ உள்வட்டில் பழைய தேதியோடு உருவாயின. கோப்புத் தேதிகளை ஒப்பிட்டு எதைக் கம்பைல் செய்வது என முடிவெடுக்கும் மேக் என்ற கருவி, பொருள் கோப்புகளை எப்போதும் காலாவதியானவை என்றே கருதி, ஒவ்வொரு முறையும் அனைத்தையும் புதிதாகக் கம்பைல் செய்தது. கடிகாரம் பொருந்தவில்லை, பில்டு முழுமையற்றதாக இருக்கலாம் என்று ஒரு வரி எச்சரித்துவிட்டு, வெற்றி என்ற குறியீட்டோடு முடித்தும் கொண்டது. அந்த வரியைக் கவனிக்காமல் இரண்டு நாள் மேக்குக்கான விதிகள் உள்ள மேக்ஃபைலைக் குடைந்தது என் பிழை.

நேரத்தைச் சரிசெய்யத்தான் க்ரோனி என்ற நிரல் ஓடுகிறதே என்று நம்பியிருந்தேன். அதன் கட்டமைப்பில் மேக்ஸ்டெப் 1 3 என்றிருந்தது: பிழை ஒரு விநாடியைத் தாண்டினால் ஒரே தாவலில் திருத்தலாம், ஆனால் தொடங்கியபின் வரும் முதல் மூன்று புதுப்பிப்புகளில் மட்டும். ஸ்னாப்ஷாட்டுக்குள் அந்த மூன்றும் ஏற்கெனவே செலவாகியிருந்தன. அதன்பின் கடிகாரத்தை அதிகபட்சம் பன்னிரண்டில் ஒரு பங்கு வேகம் கூட்டித்தான் க்ரோனி திருத்தும். ஒன்பது நாளை ஈடுகட்ட 108 நாள் ஆகும்! கடிகாரம் திடீரெனத் தாவினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தடுமாறும் என்பதற்கான ஏற்பாடு அது. குறை சொல்ல முடியவில்லை, எரிச்சலும் அடங்கவில்லை.

மீட்டெடுத்தவுடன், உடனே தாவித் திருத்தும்படி க்ரோனிக்குச் சொல்லும் க்ரோனிசி மேக்ஸ்டெப் என்ற கட்டளையை இயக்கும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் சேர்த்ததும் எல்லாம் சரியாயிற்று. ஆயினும் இன்றைய மனநிலையில் இந்த ஸ்னாப்ஷாட் வழிக்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டேன். தானியங்கி முறைக்கு மாறச் சொல்லி, ஓடும் நிலை ஸ்னாப்ஷாட் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஒவ்வொரு முறையும் பூட் ஆகும்வரை காத்திருங்கள் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன்.