வார்டு குளுக்கோமீட்டர்: பதிவேடா, பூட்டா?

வார்டில் ரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணை நம்பித்தான் இன்சுலின் அளவை முடிவு செய்கிறார்கள். அந்த எண்ணோடு மூன்று விவரங்கள் சேர்ந்தே இருக்க வேண்டும்: பார்த்தது யார், யாருக்குப் பார்த்தது, கன்ட்ரோல் திரவம் (சர்க்கரை அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) வைத்து மீட்டரைச் சோதித்தார்களா. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரநிலையின் 2022 பதிப்பு, படுக்கையருகே செய்யும் பரிசோதனைகளுக்கான விதிகளையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. சரி, இதை வார்டில் நடக்க வைப்பது எப்படி?

ஒரு வழி, காகிதப் பதிவேடு. செலவு குறைவு, எந்த மீட்டரோடும் ஒத்துப்போகும், நெட்வொர்க் வேண்டாம். ஆனால் எழுதியது எப்போது என்று காகிதம் சொல்லாது. ஷிப்ட் முடியும்போது மொத்தமாக நிரப்பினாலும் பக்கம் ஒழுங்காகவே தெரியும். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குக் கொடுத்த காகித டைரியில், அது திறக்கப்படும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் ஒளி உணரியை மறைத்து வைத்தார்கள். சொன்ன நேரத்தில் எழுதியதாக டைரி காட்டியது 90 சதவீதம். உண்மையில் 11 சதவீதம்தான். பின்தேதியிட்டு நிரப்ப முடியாத மின்னணு டைரியில் அது 94 சதவீதம். அவர்கள் நோயாளிகள், செவிலியர்கள் அல்ல என்பது சரிதான். ஆனால் வேலை நெருக்கும்போது காகிதம் இடம்கொடுக்கும் விதம் ஒன்றுதான்.

இன்னொரு வழி, பூட்டு உள்ள மருத்துவமனை மீட்டர். செவிலியர் தன் அடையாள அட்டையின் பார்கோடை ஸ்கேன் செய்தால்தான் இயங்கும். குறித்த நேரத்துக்குள் கன்ட்ரோல் சோதனை நடக்காவிட்டால் நோயாளிக்குப் பார்க்க விடாது. பயிற்சிக் கெடு முடிந்தவரின் அடையாள எண்ணை ஏற்காது. கன்ட்ரோல் சோதனையைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை, பூட்டுதான் சரி. தவறவிட்ட சோதனையை அப்புறம் எழுதிச் சேர்க்க வழியே இல்லை.

யார் பார்த்தது என்பதில்தான் பூட்டு தடுமாறும். ஒருவரின் பார்கோடை நகலெடுத்து மேசையில் ஒட்டி எல்லோரும் அதையே பயன்படுத்தினால், பதிவு துல்லியமாகத் தெரியும், ஆனால் பொய்யாக இருக்கும். இது காகிதத்தைவிட ஆபத்து, ஏனென்றால் கணினியில் இருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கும் தற்காலிகப் பணிக்கு வந்தவருக்கும் முதல் நாளே சொந்த எண் கிடைக்காத இடத்தில் இது நடந்தே தீரும். அவர்களைக் கண்டித்துப் பயனில்லை, எண் தரும் வேலையைத்தான் விரைவாக்க வேண்டும்.

நோயாளி அடையாளத்தில் முழுப் பூட்டு கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடப்பவருக்கு மணிக்கட்டு அடையாளப் பட்டை இன்னும் கட்டாமல் இருக்கலாம். அவசரத்துக்குத் தற்காலிக நோயாளி எண் வேண்டும். அப்படி வந்த ஒவ்வொரு முடிவையும் மறுநாளே சரியான கோப்பில் சேர்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நோயாளி எண்ணைத் தட்டச்சு செய்ய விடுவதைவிட, பட்டையை ஸ்கேன் செய்து திரையில் வரும் பெயரைச் சரிபார்ப்பது நல்லது. ஓர் இலக்கம் பிசகினால் முடிவு வேறொருவர் கோப்பில் போய் உட்காரும்.

பூட்டு மீட்டருக்குச் சர்வரும் இணைப்பும் வேண்டும். அந்த வசதி இல்லாத சிறிய மருத்துவமனை பதிவேட்டையே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வாரம் ஒருமுறை மீட்டரின் நினைவகத்தில் உள்ள முடிவுகளையும் நேரங்களையும் பதிவேட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். அதற்கு முன் மீட்டரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பேட்டரி மாற்றியபின் முக்கியமாக.