325டி நிதியில் சிறப்புக் கல்வி முனைவர் படிப்பு: சேரலாமா?

அமெரிக்கக் கல்வித் துறை 325டி என்ற பெயரில் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் நிதியிலிருந்து சிறப்புக் கல்வி முனைவர் மாணவருக்குக் கட்டணமும் உதவித்தொகையும் கிடைக்கும். இனாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓராண்டு பணம் வாங்கினால் ஈராண்டு அதே துறையில், வேலை நேரத்தில் பாதிக்கு மேல் உழைத்துத் தீர்க்க வேண்டும். நான்காண்டு வாங்கியவருக்கு எட்டாண்டுக் கடன், அவகாசம் 13 ஆண்டு. தவறினால் வட்டியோடு பணமாகக் கட்ட வேண்டும். பேராசிரியர் ஆகப்போகிறவருக்கு இது உறுத்தாது. பாதியில் ஐடி பக்கம் தாவும் எண்ணமிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாக்காரர்களுக்கு இது கிடையாது. அவர்களுக்குப் பல்கலைக்கழகத் துறை தரும் உதவியாளர் வேலைதான், அதுவும் பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்குள்.

இந்தப் படிப்பின் கற்றல், நடத்தைச் சிக்கல் பிரிவில் உண்மையான சரக்கு 'சிங்கிள் கேஸ் டிசைன்' பாடம்: ஒருசில குழந்தைகளையே திரும்பத் திரும்ப அளந்து, தலையீடு பலித்ததா என்று பார்க்கும் ஆய்வு முறை. இருக்கையை விட்டு எழுந்து ஓடும் நடத்தைக்கு ஏபிஏபி வடிவம் (தலையீடு இல்லாத கட்டம், தலையீட்டுக் கட்டம், மீண்டும் அதே இரண்டு) பொருந்தும்: தலையீட்டை நிறுத்தினால் பழைய நடத்தை திரும்புவதைக் காட்டலாம். வாசிப்புக்கு அது உதவாது. கற்ற எழுத்தைக் குழந்தை மறக்காதே! அங்கே மல்டிபிள் பேஸ்லைன்தான்: ஒவ்வொரு குழந்தைக்கும் முதலில் தலையீடு இல்லாத பேஸ்லைன், பிறகு ஆளுக்கு ஒரு நேரத்தில் தலையீடு, ஆக ஆளுக்கு இரண்டு கட்டம். ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் கல்வித் துறை அமைப்பான வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2010இல் வகுத்த நெறிப்படி அதற்குக் குறைந்தது ஆறு கட்டம், கட்டத்துக்கு ஐந்து அளவீடு. மூன்று அளவீடு என்றால் குறையோடு தேறும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டாவது ஆளும் அளக்க வேண்டும், பேஸ்லைனிலும் தலையீட்டிலும் தலா குறைந்தது 20 சதவீத அளவீடுகளை அவரும் எடுக்க வேண்டும், இருவரின் கணக்கும் குறைந்தது 80 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும்.

ஆய்வேடு சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மூன்று குழந்தைகளை வைத்துத் தொடங்கினால் கணக்கு சரியாக ஆறு கட்டம். ஒரு குழந்தை பள்ளி மாறினால் நான்காகி, மொத்த வடிவமும் படுத்துவிடும். ஐந்து பேரைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். பேஸ்லைனிலேயே மதிப்பெண் ஏறிக்கொண்டிருந்தால், தலையீட்டைத் தொடங்காமல் கோடு சமனாகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முன்னேற்றம் எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது.

மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் பல்கலைக்கழகக் குழுவான ஐஆர்பியின் ஒப்புதல் ஒன்று, பள்ளி மாவட்டத்தின் அனுமதி வேறொன்று. பெற்றோர் கையெழுத்தும் குழந்தையின் சம்மதமும் அதற்குப் பிறகு. இந்த அனுமதிகளுக்குக் கோடையிலேயே விண்ணப்பிக்காவிட்டால் டிசம்பர் விடுமுறையும் வசந்தகால மாநிலத் தேர்வும் குறுக்கே வந்து, மிஞ்சுவது சில வாரங்கள்தான்.

இந்தப் படிப்புக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். சேருமுன் நிதி எத்தனை ஆண்டுக்கு உறுதி என்று பல்கலைக்கழகத் துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.