கோல்ஃப் ஜி.டி.ஐ. கொடுத்து கோடியாக் ஆர்.எஸ். வாங்கினோம்

இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா, நாங்கள் இருவர். எங்களிடம் இருந்த ஏழாம் தலைமுறை ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., வேகத்துக்குப் பெயர்பெற்ற சிறிய கார், ஐந்து பேருக்கானதுதான். ஆனால் பின்னால் இரண்டு குழந்தை இருக்கைகளைப் பொருத்திவிட்டால் அம்மாவுக்கு மிஞ்சுவது ஒரு சாண் இடம். அதனால்தான் மூன்று வரிசைகளில் ஏழு இருக்கைகள் கொண்ட உயரமான வண்டியான ஸ்கோடா கோடியாக், அதிலும் வேகமான ஆர்.எஸ். வகை, வீட்டுக்கு வந்தது.

வேகம் போய்விடுமோ என்பதுதான் இப்படி மாறுகிற எல்லோருக்கும் வரும் முதல் கவலை. போகவில்லை. இரண்டிலும் ஒரே வகையைச் சேர்ந்த 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின்தான். கோல்ஃபில் 220 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 2021இல் புதுப்பிக்கப்பட்ட இந்தக் கோடியாக்கில் 245, 370. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட கோல்ஃபுக்கு 6.5 விநாடி, கோடியாக்குக்கு 6.6. ஏறத்தாழ 400 கிலோ கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு இதைச் செய்கிறது என்றால் பெரும் பங்கு நான்கு சக்கர இயக்கத்துக்கு உரியது. ஈரச் சாலையில் சட்டென்று முடுக்கினால் ஜி.டி.ஐ.யின் முன்சக்கரங்கள் ஒரு கணம் வழுக்கிய பிறகே பிடிக்கும். இதில் அந்தத் தடுமாற்றமே இல்லை.

இழப்பு வளைவில்தான் தெரிகிறது. இடமும் வலமுமாக அடுத்தடுத்து வரும் இரண்டு திருப்பங்களில், ஸ்டீயரிங்கைத் தொட்டவுடனேயே ஜி.டி.ஐ.யின் மூக்கு திரும்பியிருக்கும். கோடியாக்கில் முதலில் வெளிப்பக்கச் சக்கரங்களின் மீது எடை சாய்கிறது, பிறகுதான் வண்டி திரும்புகிறது. எதிர்த் திருப்பத்துக்கு மாறும்போது அந்த எடை முழுவதும் மறுபக்கம் போய்ச் சேரும்வரை பொறுக்க வேண்டும். வேகமாக ஓட்டுவதற்கான ஸ்போர்ட் முறைக்கு மாற்றினால் அதிர்வுத் தாங்கிகள் இறுகி இந்தச் சாய்வு குறைகிறது, மறைவதில்லை. இவ்வளவு உயர்ந்து நிற்கும் ஒரு வாகனத்திடம் அதற்கு மேல் கேட்பது நியாயமும் இல்லை. பிரேக்கும் அப்படித்தான். எடை கூடிய அளவுக்கு, அதே வேகத்தில் தணிக்க வேண்டிய ஆற்றலும் கூடுகிறது. நீண்ட இறக்கங்களில் கியரைக் குறைத்து இறங்குவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இதன் முந்தைய டீசல் வடிவத்தை 2018இல் ஜெர்மன் பந்தய ஓட்டுநர் சபீன் ஷ்மிட்ஸ், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் 9 நிமிடம் 29.84 விநாடியில் ஓட்டிக் காட்டினார். வியக்க வேண்டிய நேரம்தான். ஆனால் பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைக்குக் குமட்டுமா என்பதைக் கடிகாரம் சொல்லாது. எனக்கு இப்போது அதுதான் முக்கியம். பிரேக்கை மெல்லத் தொட்டு, வளைவுக்குள் சீராக நுழைந்து, தூங்கும் குழந்தையின் தலை சாயாமல் வெளியே வருவதும் திறமையான ஓட்டம்தான். அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி கிடைக்கிறது.

கையால் மாற்றும் கியர் இல்லாதது மட்டும் ஆறாத குறை. ஆர்.எஸ்.ஸில் கிடைப்பது தானாகவே கியர் மாற்றும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஒன்றுதான். அது வேகமாகவே மாற்றுகிறது, ஆனாலும் ஸ்டீயரிங் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் துடுப்புகளைத் தட்டுவது கிளட்சை மிதித்து ஓட்டுவதற்கு ஈடாகாது.

வசதிகளில் என்னை மிகவும் கவர்ந்தது கதவின் ஓரம். திறந்தவுடன் விளிம்பில் ஒரு ரப்பர் காப்பு தானாக வெளியே வந்து மூடிக்கொள்கிறது. சாத்தும்போது உள்ளே மடங்கிவிடுகிறது. பிள்ளைகள் எவ்வளவு அவசரமாகத் திறந்தாலும் பக்கத்து வண்டியின் வண்ணம் தப்பிக்கிறது. இரண்டாம் வரிசை 18 சென்டிமீட்டர் வரை முன்னும் பின்னும் நகர்கிறது. இருக்கை இடுப்பளவு உயரத்தில் இருப்பதால் அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குகிறார். வாங்கியதற்கு அந்த ஒன்றே போதும் என்பேன்.

மூன்றாம் வரிசையை நம்பி வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த முதல் தலைமுறைக் கோடியாக்கில் ஏழு இருக்கைகளையும் விரித்தால் பின்னால் சாமான் வைக்க மிஞ்சும் இடம் 270 லிட்டர். என் பழைய கோல்ஃபிலேயே 380 லிட்டர் இருந்தது! ஏழு பேரும் அவர்களுடைய பைகளும் அடிக்கடி சேர்ந்து போக வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய வண்டியைப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். குழந்தை இருக்கைகளைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள், பெரியவர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். 20 அங்குலச் சக்கரங்களோடு மேடுபள்ளமான சாலையில், மென்மையான கம்ஃபர்ட் முறையில் ஓட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கடைசி வரிசையில் இருப்பவரிடம் கேளுங்கள்.