ஆக்சலாட்டிலுக்கு 'வீக்க மருந்து': ஏமாறாதீர்கள்

வயிறு உப்பிய ஆக்சலாட்டிலை (தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை) கொண்டுபோய்க் காட்டினால், விற்றவர் சொல்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: முட்டை கட்டியிருக்கிறது, அதிகம் தின்றுவிட்டது, மலச்சிக்கல். கூடவே பெயர் ஒட்டாத ஒரு மருந்துப் பாட்டிலையும் தலையில் கட்டிவிடுவார். தண்ணீர் எத்தனை டிகிரி என்று மட்டும் கேட்க மாட்டார். கேட்டால், தொட்டியோடு அவரே விற்ற ஹீட்டர் பேச்சில் வந்துவிடுமே!

அந்த ஹீட்டர் 25 டிகிரி கேட்கும் மீன்களுக்கானது. ஆக்சலாட்டிலுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் போதும். 24 டிகிரியில் நாள்கணக்கில் கிடந்தால் செவுள்கள் முன்பக்கம் வளையும், வால்நுனி சுருளும், இரையைத் தொடாது. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவு, உடலுக்கோ தேவை அதிகம். அம்மோனியாவின் நச்சும் கூடும்.

வீக்கம் வருவது இப்படி: நன்னீரில் வாழும் இந்த உயிருக்குத் தோல் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே இறங்கும். அதை நீர்த்த சிறுநீராக வெளியேற்றுவது சிறுநீரகம். சூட்டாலோ வேறு எதனாலோ அது தளர்ந்தால் தண்ணீர் வயிற்றில் தேங்கும், பிறகு தொண்டையும் கால்களும் ஊதும். முட்டை கட்டிய பெண்ணுக்கு வயிறுதான் பருக்கும், கால் வீங்காது. வாயு என்றால் மிதக்கும். பாக்டீரியாத் தொற்றும் கல்லீரல் கோளாறும் இதே வீக்கத்தைத் தரும் என்பதால், பார்த்தே நோயைச் சொல்பவரை நம்பாதீர்கள். ஸ்கேனும், வயிற்றிலிருந்து ஊசியால் எடுத்த நீரின் சோதனையும்தான் பிரித்துக் காட்டும்.

பாட்டிலில் கனமைசின், ஜென்டமைசின் போன்ற ஆன்டிபயாடிக் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் ஊற்றாதீர்கள். அவை சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியவை. ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றச் சொல்வதும் தவறு. உப்பில்லாத நீர் உடலுக்குள் இன்னும் வேகமாக இறங்கும்.

மருத்துவரிடம் போகும்வரை ஹீட்டரைக் கழற்றுங்கள். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியைத் திருப்பி மெதுவாகக் குளிர வையுங்கள். பனிக்கட்டியை நேரே போட்டால் அந்தத் திடீர் மாற்றமே அதிர்ச்சி. ஹோல்ட்ஃப்ரேட்டர் கரைசல் என்ற உப்புக் கரைசல் உதவும்: குளோரின் நீக்கிய நீர் லிட்டருக்கு அயோடின் சேர்க்காத உப்பு 3.46 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.05, கால்சியம் குளோரைடு 0.1, சோடியம் பைகார்பனேட் 0.2 கிராம். உள்ளே இறங்கும் நீர் குறையும், அவ்வளவுதான். கெட்ட சிறுநீரகம் இதனால் திரும்பாது.

செத்துப்போனால் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திசு சிதைந்துவிடும். பையில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, அன்றைக்கே பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது அந்த அறிக்கையும், ஹீட்டர் வாங்கிய பில்லும், வெப்பமானியின் படமும் கையில் இருக்கட்டும்.