10 மடங்கு லென்ஸ்: லைக்கனுக்கு ஓகே, அந்துப்பூச்சிக்கு அரைகுறை

பிஸ்டன் பெட்டுலேரியா அந்துப்பூச்சியையும் பார்மீலியா சல்கேட்டா லைக்கனையும் (லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) ஒப்பிடத்தான் இந்த மடக்கு லென்ஸை வாங்கினேன். வெறும் கண்ணுக்கு இரண்டுமே சாம்பல் பூத்த திட்டுகள். லென்ஸை வைத்ததும் சாயம் வெளுத்துவிடுகிறது: பூச்சியின் இறக்கையில் கூரை ஓடு போல அடுக்கிய செதில்கள், வெள்ளைக்கு நடுவே தூவிய கறுப்பு. லைக்கனிலோ பின்னிப் பின்னி ஓடும் மேடுகள், அவற்றின் மேல் வெடித்துக் கிளம்பும் மாவுத்தூள். அந்தத் தூளில் பூஞ்சை இழையும் பாசியும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் விழுந்த இடத்தில் புது லைக்கன் முளைக்கிறது. இதைப் பார்க்கவே கொடுத்த காசு தகும்.

சரி, குறை? பொருளிலிருந்து 2.5 செ.மீ. தூரத்தில் பிடித்தால்தான் தெளிவு. தலை வெளிச்சத்தை மறைக்கிறது, இதில் விளக்கும் இல்லை. லைக்கன் பொறுத்துக்கொள்ளும், உயிருள்ள பூச்சி பறந்துவிடலாம். கீலும் அதற்குள் தளர்ந்துவிட்டது. 5க்கு 3.