வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுக்கு வளர்ந்த நாய்: ஒரு காப்பகத்தின் தத்துச் சேவை பற்றி

சென்னையின் தென்புறநகரில் இயங்கும் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து ஏறத்தாழ நான்கு வயதுள்ள பெண் நாட்டு நாய் ஒன்றை எங்கள் குடும்பம் தத்தெடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. அந்தக் காப்பகத்தின் சேவையில் பாராட்ட வேண்டியவை பல உண்டு, குறை சொல்ல வேண்டியவையும் உண்டு. நன்கொடையை நம்பி நடக்கும் இடத்தைப் பெயர் சொல்லிக் குறைகூற மனம் வரவில்லை. ஆகவே பெயரைத் தவிர்த்து, அங்கே நாய் தேர்ந்தெடுக்கும் முறை எப்படி இருக்கிறது, நேரமில்லாத குடும்பத்துக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலைமையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எது நல்ல நாய் என்பது அது போய்ச் சேரும் வீட்டைப் பொறுத்தது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மாமியார் பகல் முழுதும் வீட்டில் இருந்தாலும், முழங்கால் வலியால் இழுத்துக்கொண்டு ஓடும் நாயைப் பிடித்து நடத்த அவரால் முடியாது. மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். காலையில் பள்ளி வேன் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சற்றுக் கூடுதலாக: நாயோடு வெளியே நடக்க எங்களால் உறுதியாக ஒதுக்க முடிந்தது இவ்வளவுதான்.

குட்டி வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு இந்தக் கணக்கே காரணம். இரண்டு மாதக் குட்டிக்குப் பகலில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க இடம் காட்ட வேண்டும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும் தடுப்பூசிகளைச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, நான்கு மாதம் நெருங்கும்வரை தெரு மண்ணில் விடாமல் காக்க வேண்டும். அதற்குள் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவம் வந்து, மேசைக்கால் முதல் செருப்பு வரை எல்லாம் கடிபடும். இதற்கெல்லாம் வீட்டில் ஒருவர் முழுநேரமாக நிற்க வேண்டும், எங்கள் வீட்டில் அந்த ஒருவர், யாரும் சம்மதம் கேட்காமலேயே, என் மாமியாராகத்தான் இருந்திருப்பார். வளர்ந்த நாயோ ஆறேழு மணி நேரம் அடக்கிக்கொள்ளும். அதன் உயரமும் எடையும் குணமும் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியும். வளர்ந்த நாய் புது வீட்டில் ஒட்டாது என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. தெருவில் பல வீட்டு மனிதர்களைப் படித்துப் பிழைத்த நாய்க்குப் புதிதாக நான்கு பேரைப் புரிந்துகொள்வது அவ்வளவு கடினமான காரியமில்லை.

காப்பகத்தின் விண்ணப்பப் படிவம் நீளமானது, ஆனால் அதில் வீண் கேள்வி எதுவும் இல்லை. நாய் ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், வீட்டு உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டாரா, வீட்டில் யாருக்காவது நாயென்றால் பயமா என்றெல்லாம் கேட்டார்கள். செல்லப்பிராணியே கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது என இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனாலும் உரிமையாளரோடு மல்லுக்கு நின்று வாடகை வீட்டில் நாய் வளர்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பதால் அந்தக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருப்பது சரியே. எனக்குப் பிடித்தது, மாமியாரிடம் தனியாகத் தொலைபேசியில் பேசியது. பகலில் நாயோடு இருக்கப்போகிறவர் அவர்தான் என்பதை எங்களைவிட அவர்கள் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

குறை தொடங்கும் இடம் அவர்களுடைய விளம்பரப் பதிவுகள். கல்யாண விளம்பரத்தில் எல்லாப் பெண்ணும் சிவப்பாகவும் குடும்பப் பாங்காகவும் இருப்பதைப் போல, அங்கே எல்லா நாயும் அன்பானது, குழந்தைகளோடு நன்றாகப் பழகும், அடுக்குமாடிக்கு ஏற்றது. எந்தக் குழந்தையோடு, எந்த வயதில், எங்கே பழகிப் பார்த்தார்கள் என்ற விவரம் இல்லை. படத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய இடர். எங்கள் மகள் படத்தில் பார்த்து ஆசைப்பட்டது இரண்டு வயது லாப்ரடார் ஒன்றை. வீடு மாறிய ஒரு குடும்பம் அதை விட்டுச் சென்றிருந்தது.

நேரில் போனபோதுதான் அந்தக் காப்பகத்தின் உண்மையான பலம் தெரிந்தது. அது பதிவு போடும் தன்னார்வலர்களிடம் இல்லை, தினமும் சோறு வைத்துக் கூண்டு கழுவும் பராமரிப்பாளரிடம் இருந்தது. லாப்ரடாரின் அடைப்புக்கு முன்னால் மகள் நின்றதைப் பார்த்ததும் அவர் நேராகவே சொன்னார்: “அது உங்க வீட்டுக்குச் சரிப்படாதும்மா. ஓடியாடணும் அதுக்கு. அரை மணி நேர நடையெல்லாம் பத்தாது, மீதிய வீட்டுக்குள்ள காட்டும்.” பிறகு மூலையில் படுத்திருந்த பழுப்பு நிற நாயைக் காட்டி, “இவளைப் பாருங்க. சாப்பாட்டுக்கு அடிச்சுக்க மாட்டா, ராத்திரி சத்தம் போட மாட்டா. பைக் சத்தம் கேட்டா மட்டும் ஒதுங்குவா, அடிபட்டவ இல்லையா,” என்றார். நல்ல குணம் இரண்டும் அச்சம் ஒன்றுமாக அவர் சொன்னதில் எதுவுமே இதுவரை பொய்க்கவில்லை. தத்தெடுக்கப் போகிறவர்கள் அலுவலக அறையில் பேசி முடித்துவிட்டுக் கிளம்பாமல், சோறு வைப்பவர் யார் என்று கேட்டு அவரிடம் பேச வேண்டும் என்பது இந்த மதிப்புரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி.

கூண்டுக்குள் இருக்கும் நாயை வைத்து அதன் குணத்தை எடைபோட முடியாது. பக்கத்து அடைப்பு நாய்களின் இரைச்சலில் ஓயாமல் குரைக்கும் நாய் வெளியே வந்ததும் அமைதியாகிவிடலாம், சாதுவாகத் தோன்றும் நாய் பயத்தில் உறைந்து கிடப்பதாகவும் இருக்கலாம். இந்தக் காப்பகம் அதை அறிந்து, நாயைக் கயிற்றில் பிடித்துப் பின்பக்கக் காலி மனைக்குக் கொண்டுபோய் நாம் அரை மணி நேரமாவது பழக இடம் கொடுக்கிறது. அங்கே நாங்கள் பார்த்தவை எளிய விஷயங்கள்: கயிற்றை எவ்வளவு இழுக்கிறது, கையில் வைத்த பிஸ்கட்டை விரல் படாமல் எடுக்கிறதா, பாதத்தையும் காதையும் தொட்டால் உடம்பு விறைக்கிறதா, மகள் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால் தானாக அவளிடம் வருகிறதா. பராமரிப்பாளர் ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். எல்லா நாயும் அதற்குத் துள்ளும், ஆனால் துள்ளிய பிறகு எவ்வளவு விரைவில் இயல்புக்குத் திரும்புகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இவள் இரண்டடி விலகி நின்று, தட்டைப் பார்த்துவிட்டு, அதன் அருகே போய் முகர்ந்தாள். குக்கர் விசிலும் மிக்ஸியும் தினமும் அலறும் வீட்டுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வயதைப் பற்றி ஒரு சொல். தெருவிலிருந்து வந்த நாய்க்குப் பிறந்தநாள் கிடையாது. பல் தேய்மானத்தையும் அதில் படிந்த காரையையும் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லும் மதிப்பீடுதான் உண்டு. ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம். காதில் ஒரு சிறிய வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்த தெருநாய் என்று பொருள். தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தைப் புளூ கிராஸ் அமைப்பு 1964ஆம் ஆண்டிலேயே தொடங்கிய நகரம் சென்னை.

மருத்துவ விஷயத்தில் காப்பகத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் சுமார்தான். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, மருத்துவரின் கையெழுத்தோடும் மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளோடும் முறையாக இருந்தது. குடற்புழு மருந்து கொடுத்த தேதியும் குறிக்கப்பட்டிருந்தது. விபத்தில் முறிந்து சேர்ந்த பின்னங்காலின் எக்ஸ்ரே படத்தைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் இரத்தப் பரிசோதனை செய்யவில்லை. சென்னை போன்ற வெக்கையான ஊரில், பல நாய்கள் ஒன்றாக இருக்கும் இடத்தில் உண்ணிகளை முற்றாக ஒழிப்பது கடினம், அவை பரப்பும் எர்லிக்கியா, பேபீசியா நோய்கள் வெளியே தெரியாமல் உடலில் தங்கியிருக்கும். எங்கள் மருத்துவர் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருப்பது தெரிந்து, டாக்சிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் கொடுத்த பிறகே நாய்க்கு உண்மையான சுறுசுறுப்பு வந்தது. எல்லா நாய்க்கும் இரத்தப் பரிசோதனை செய்யக் காப்பகத்திடம் பணம் இல்லை என்றால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும், ‘இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை, வீட்டுக்குப் போனதும் செய்துகொள்ளுங்கள்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கச் செலவு எதுவும் இல்லை.

அவர்களுடைய சேவையில் சிறந்த அம்சம் இரண்டு வாரச் சோதனைக் காலம். தத்துப் பத்திரத்தில் உடனே கையெழுத்து வாங்காமல், முதலில் தற்காலிகமாக வளர்க்கக் கொடுக்கிறார்கள். ஒத்துவரவில்லை என்றால் எந்தக் கேள்வியும் இன்றித் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், அதன் பிறகும் எப்போதாவது வளர்க்க முடியாத நிலை வந்தால் வேறு யாருக்கும் கொடுக்காமல் தங்களிடமே தர வேண்டும் என்றும் எழுத்தில் இருக்கிறது. மீட்ட நாய் இடத்துக்குப் பழக மூன்று நாள், வீட்டு ஒழுங்குக்குப் பழக மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் என நாய் வளர்ப்போர் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் இரண்டு வாரம் போதாதுதான், ஆனாலும் பெரிய பொருத்தமின்மை எதுவும் இருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும்.

முதல் நாட்களில் வந்த சிக்கல்கள் நாங்கள் எதிர்பார்த்தவை அல்ல. சிறுநீர்ப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாத பழக்கம் தெருநாய்களுக்கு இயல்பாகவே இருக்கிறது. ஆனால் வழவழப்பான டைல்ஸ் தரையில் நடக்கவும், லிஃப்டுக்குள் நுழையவும் இவள் மறுத்தாள். கூடத்திலிருந்து கதவு வரை பழைய கோணிகளை விரித்தும், லிஃப்ட் வாசலில் தினமும் சற்று நேரம் கோழித் துண்டு கொடுத்தும் சரிசெய்தோம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்ற விதி மகளுக்கு; சாம்பார் சாதம் வைக்கக் கூடாது என்ற விதி மாமியாருக்கு. வெங்காயம் நாய்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று சொன்னதும் அவர் தயிர்சாதத்துக்கும் வேகவைத்த கோழிக்கும் மாறிக்கொண்டார். தீபாவளி வெடியை மட்டும் எந்தப் பயிற்சியும் முழுதாக வெல்லவில்லை. ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, உள்ளறையில் ஒருவர் துணைக்கு இருந்ததில் சமாளித்தோம்.

இப்படி உதவி தேவைப்பட்ட காலத்தில் காப்பகத்தின் தொடர்பு முதல் மாதத்தோடு நின்றுபோனது எனக்கு ஏமாற்றம். முதலில் படங்கள் கேட்டார்கள், ஒரு தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பார்த்தார். அதற்குப் பிறகு நாங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் வர நாள்கள் ஆயின. ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று தெரிகிறது. பார்வை நேரமும் வேலை நாட்களில் முற்பகலும் ஞாயிற்றுக்கிழமையில் சில மணி நேரமும் மட்டுமே என்பதால், வேலைக்குப் போகும் குடும்பங்கள் எல்லாம் ஞாயிறன்று மொத்தமாகக் கூடுகின்றன. அந்தக் கூட்டத்தில் நாய்களும் மிரளுகின்றன, பராமரிப்பாளரையும் பிடிக்க முடிவதில்லை.

செலவு அதிகமில்லை. கட்டணம் என்று எதுவும் வாங்கவில்லை. விருப்பம்போல் நன்கொடை அல்லது ஒரு மூட்டை அரிசி கேட்கிறார்கள். மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமத்துக்கு 2025ஆம் ஆண்டு நிலவரப்படி ஆண்டுக்கு 50 ரூபாய். அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று தேவை, நாயின் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப் பொருத்துவதும் இப்போது கட்டாயம். தெருநாயைத் தத்தெடுப்பவர் அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22 அன்று பிறப்பித்த உத்தரவில் கூறியிருக்கிறது. இந்தப் பொறுப்பைப் பற்றிக் காப்பகம் நேர்முகத்தில் விளக்கியது. உரிம நடைமுறையைப் பற்றிச் சொல்லவில்லை, அதை நாங்களே தெரிந்துகொண்டோம்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், பகலில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு, அல்லது நாய் தொடர்ந்து ஆறேழு மணி நேரத்துக்கு மேல் தனியாக இராத வீட்டுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறவர்கள், நடுப்பகலில் வந்து நாயை வெளியே அழைத்துச் செல்ல ஆள் ஏற்பாடு செய்யாதவரை, இங்கே மட்டுமல்ல, எங்கேயும் நாய் எடுக்க வேண்டாம். குறிப்பிட்ட ஓர் இனம்தான் வேண்டும் என்பவர்களுக்கும் இந்த இடம் ஒத்துவராது. அங்கிருப்பவற்றில் பெரும்பான்மை நாட்டு நாய்கள், மற்றவை நம் வெயிலுக்கு ஒவ்வாத ஹஸ்கி போன்றவற்றை ஆசைக்கு வாங்கிக் கைவிட்டவர்களின் நாய்கள்.

போக நினைப்பவர்கள் முடிந்தால் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வேலை நாளில், காலைச் சோறு வைக்கும் நேரத்தில் போய்ச் சேருங்கள்.